தாடையிலிருந்து செவிக்கு: முலையூட்டிகளின் கூர்ப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயம்

கூர்ப்புக் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் பெரும்பாலும் புற வடிவங்களைச் சுட்டியே வாதிடுவர். சிறகு, துடுப்பு, குளம்பு என்பனவே அவர்தம் கண்ணிற் படுவன. ஆயினும் அக்கொள்கையின் மிக உறுதியான சான்றுகளுள் ஒன்று நம் ஒவ்வொருவரின் நடுச்செவியிலும், ஏறத்தாழ நெல்மணியளவான சிற்றென்புகளில் அடங்கிக் கிடக்கின்றது. அச்சான்று அறியப்பட்ட வரலாறு, உயிருள்ள விலங்கின் உடலமைப்பும் பாறையிற் பதிந்த உயிர்ச்சுவடும் ஒன்றையொன்று வேண்டி நின்ற வரலாறாகும்.

முலையூட்டியின் நடுச்செவியிற் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என மூன்று என்புகள் உள. நகருயிர்களுக்கோ ஏந்தியுருவுக்கு ஒப்பான ஓர் என்பு மட்டுமே உண்டு. தாடையில் நிலைமை நேர்மாறானது. முலையூட்டியின் கீழ்த்தாடை பற்களைத் தாங்கும் ஓரென்பாலேயே ஆனது. நகருயிரின் கீழ்த்தாடையிற் பல என்புகள் இணைந்துள்ளன. தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டும் இவ்விரு வகுப்பினரிடத்தும் வெவ்வேறு என்புகளால் ஆயது. செவியில் இரண்டு என்புகள் மிகுந்தமைக்கும் தாடையிற் சில என்புகள் குறைந்தமைக்கும் தொடர்புண்டா என்பதே வினா.

இதற்கான முதற்றடயம் முளையவியலிலிருந்து கிடைத்தது. முலையூட்டியின் முளையத்திற் கீழ்த்தாடையினூடாகச் செல்லும் கசியிழையக் கோலொன்று சம்மட்டியுருவுடன் தொடர்ந்திருப்பதை ஜேர்மனிய அறிஞர் மெக்கல் 1820 இல் விவரித்தார். 1837 இற் காள் றைக்கேற்று, பன்றியின் முளையங்களைப் படிமுறையாக ஆராய்ந்து, சம்மட்டியுருவும் பட்டடையுருவும் நகருயிரின் தாடைமூட்டை ஆக்கும் இரு என்புகளுக்கு ஒத்தவை என்று நிறுவ முற்பட்டார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இம்முடிபு எட்டப்பட்டமை ஈண்டு மனங்கொளத்தக்கது. றைக்கேற்று கண்டது உறுப்புகளிடையேயான பொருத்தத்தை. கால ஓட்டத்தில் நிகழ்ந்த மாற்றத்தையன்று.

அப்பொருத்தமும் எளிதில் ஏற்கப்படவில்லை. டார்வினின் உற்ற துணைவராய் விளங்கிய ஹக்ஸ்லியே 1869 இல் வேறொரு பொருத்தத்தை முன்வைத்தார். 1913 இல் ஏணஸ்ற் கௌப் என்பார் அதுகாறும் திரண்ட சான்றுகளை விரிவாகத் தொகுத்து றைக்கேற்றின் கருத்தை நிலைநாட்டினார். எனினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. பழைய மூட்டு செவிக்குட் செல்லுமுன் புதிய மூட்டு தோன்றியிருத்தல் வேண்டும். அவ்வாறாயின், இடைக்காலத்து விலங்கு எவ்வாறு உண்டது? எவ்வாறு கேட்டது? தாடையின்றி ஒரு தலைமுறைதானும் வாழ இயலாதே! இவ்வினாவுக்கு முளையம் மட்டும் விடை தர இயலாது. முளையம் ஒரு தனியுயிரின் வளர்ச்சியைக் காட்டுமேயன்றி, மறைந்துபோன மூதாதையரின் வாழ்வைக் காட்டாது.

விடை தென்னாபிரிக்காவின் கரூப் பாறைகளிலிருந்தும் பிரித்தானியாவின் வேல்சிலிருந்தும் வந்தது. கரூவின் உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்தோருள் றொபேட் புறூம் குறிப்பிடத்தக்கவர். அவர் முதலில் அவுஸ்திரேலியாவில் உயிருள்ள பையுடைய விலங்குகளின் உடலமைப்பைக் கற்று, பின்னரே 1897 இல் தென்னாபிரிக்கா சென்றவர். முலையூட்டிகளை ஒத்த பண்டை விலங்குகளின் தாடைகளைக் கால ஒழுங்கில் நிரைப்படுத்துமிடத்து, பல்தாங்கும் என்பு படிப்படியாகப் பெருப்பதையும் பின்புறத்துச் சிற்றென்புகள் மெலிந்து செல்வதையும் காணலாம். 1958 இல் குரொம்ரன் விவரித்த விலங்கொன்றிற் பழைய மூட்டும் புதிய மூட்டும் அருகருகே அமைந்திருந்தன. ‘இருமூட்டுத் தாடையுடையது’ எனும் பொருள்படப் பெயரிட்டு, இனப்பெயரிற் புறூமை நினைவுகூர்ந்தார் அவர். வேல்சிற் கிடைத்த, 1949 இற் குயூனே பெயரிட்ட மோகனுக்கோடன் எனும் சிறு விலங்கின் கீழ்த்தாடையைக் கேர்மக்கும் அவர்தம் துணைவரும் 1973 இல் விரிவாக விளக்கினர். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விலங்கிலும் இரு மூட்டுகளும் இருந்தன. ஆகவே, புதிய மூட்டு பாரத்தை ஏற்ற பின்னரே பழையது விடுதலை பெற்றது. தாடையற்ற தலைமுறை ஒன்று இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. மெலிந்த அவ்வென்புகள் தாடையில் இருந்தபோதே ஒலியதிர்வைக் கடத்தின என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

பின்னர் 2007 இற் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட யானோகொனோடன் இவ்வரலாற்றின் அடுத்த படியைக் காட்டியது. அதன் செவியென்புகள் முலையூட்டிக்குரிய வடிவத்தை எய்தியிருந்தும், என்பாகிய மெக்கலின் கசியிழையத்தால் தாடையுடன் இன்னும் பிணைக்கப்பட்டிருந்தன. மெக்கல் முளையத்திற் கண்ட இணைப்பு, வளர்ந்த விலங்கின் கல்லுருவிற் காணக்கிடைத்தது! உயிருள்ள ஒப்போசத்தின் குட்டி பிறக்கையில், முலையூட்டிக்குரிய தாடைமூட்டு அதனிடத்து இன்னும் உருவாகியிருப்பதில்லை என்பதையும் இதனுடன் ஒப்புநோக்கலாம்.

எனினும், இவ்விலங்குகளை ஒரே ஏணியின் படிகளாகக் கொள்ளுதல் தவறாகும். அவை ஒரு மரத்தின் வெவ்வேறு கிளைகள். 2005 இல் அவுஸ்திரேலியத் தொல்முலையூட்டி ஒன்றின் தாடையை ஆராய்ந்தோர், செவியென்புகள் தாடையிலிருந்து பிரிந்தமை ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளிற் றனித்தனியே நிகழ்ந்ததென வாதிட்டனர்.

இவ்வாறாக, 1837 இல் எழுந்த கருத்துக்கு வேண்டிய கற்சான்று நூறாண்டு கடந்தே கைக்கெட்டியது. முளையமின்றிப் பாறையின் தாடைகளை மட்டும் கண்டிருப்பின், தேய்ந்த என்புகள் அழிந்தொழிந்தன என்றே எண்ணியிருப்போம். பாறையின்றி முளையத்தை மட்டும் கண்டிருப்பின், அம்மாற்றம் வாழ்வில் நிகழத்தக்கதா என்ற ஐயம் நீங்கியிராது. விலங்கியலையும் புவிச்சரிதவியலையும் தனித்தனி அறைகளிற் பயிலும் நாம் இதனைச் சிந்தித்தல் தகும். மூன்று செவியென்புகளின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவன், அவற்றுள் இரண்டு ஒருகாலத்திற் கடிப்பதற்கு உதவியவை என்பதையும் அறிவானாயின், உடலமைப்பியல் அவனுக்கு வெறும் பெயர்ப்பட்டியலாக இராது, வரலாறாகவே விளங்கும்.