'அந்த மருந்து' எது? ஸ்டீராய்டு விலையும் 2013 ஆணையின் 4-ஆம் பத்தியும்

பிரெட்னிசோலோன் மலிவான மாத்திரை. ஆகவே ஸ்டீராய்டின் விலை ஆராயத்தக்க சிக்கலே அன்று. மருந்து விலை பற்றி எழுதுவோரிடம் இந்த எண்ணம் வேரூன்றியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையைக் கடுமையாக விமரிசிப்போரும் இதற்கு விலக்கல்லர். உற்பத்திச் செலவைக் கைவிட்டுச் சந்தை விலையை அளவுகோலாக்கியதே ஆணையின் பிழை என்பது அவர்கள் வாதம். வேறு பல மருந்துகளுக்கு அது சரியாகவே இருக்கலாம். ஸ்டீராய்டைப் பொறுத்தவரை பிழை கணக்கில் இல்லை. கணக்குத் தொடங்கும் முன்பே, 'அந்த மருந்து' என்னும் இரு சொற்களில் அது நுழைந்துவிடுகிறது என்பது என் வாசிப்பு.

4-ஆம் பத்தியின் சாரம் இது: ஒரு மருந்தின் மொத்த விற்பனையில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ள தயாரிப்புகள் கடைக்காரருக்கு என்ன விலையில் கிடைக்கின்றனவோ, அவற்றின் எளிய சராசரியை எடுக்க வேண்டும். அதன்மேல் 16 விழுக்காடு கடைக்காரர் ஆதாயம் சேர்த்தால் உச்சவரம்பு விலை. விமரிசகர்கள் 'சராசரி'யில் நின்றுவிடுகிறார்கள். 1995 ஆணையில் உற்பத்திச் செலவின்மேல் 100 விழுக்காட்டுக்கு மிகாமலே சேர்க்க முடிந்தது என்று நினைவூட்டுகிறார்கள். நியாயமான நினைவூட்டல்தான்.

நான் நிற்க விரும்பும் இடம் வேறு. 1 விழுக்காடு என்பது எதன் விற்பனையில்? அந்த மருந்தின் விற்பனையில். எது அந்த மருந்து? முதல் அட்டவணையில் பெயரும் வடிவமும் வலுவும் குறித்துச் சேர்க்கப்பட்டது மட்டுமே. எந்த நோய்க்கு, எந்த வேலைக்கு என்ற கேள்வி உச்சவரம்புக் கணக்குக்குள் வருவதில்லை. பிரெட்னிசோலோன் அட்டவணையில் இருக்கிறது. அதே வேதிக் கட்டமைப்பில் ஆக்ஸசோலின் வளையம் ஒன்றைச் சேர்த்துப் பெறப்பட்ட டெஃப்லாசாகார்ட் இல்லை. முன்னதன் 5 மி.கி. செய்யும் வேலையைப் பின்னதன் 6 மி.கி. செய்யும் என்பதே மருத்துவர்கள் கைக்கொள்ளும் ஈடு. சட்டத்தின் கண்ணில் இவை ஒன்றுக்கொன்று அந்நியம். அட்டவணையில் இல்லாத மருந்துக்கு உச்சவரம்பு கிடையாது. 20-ஆம் பத்தியின்படி அதன் விலையை ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ளலாம். அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் விலை இரு மடங்காகும், விதி எதையும் மீறாமலே.

இதன் எடையைப் புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடிக் கடற்கரையில் வைத்துப் பார்க்கலாம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரக நோய் வந்து முகமும் காலும் வீங்கிய, 15 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்றைக் கற்பனை செய்வோம். முதல் தாக்குதலுக்கு இந்தியக் குழந்தைச் சிறுநீரகவியல் வழிகாட்டுதல் சொல்லும் பிரெட்னிசோலோன் அளவு, கிலோவுக்கு 2 மி.கி. வீதம் தினமும் 6 வாரம், பிறகு 1.5 மி.கி. வீதம் ஒன்றுவிட்ட நாளில் 6 வாரம். கூட்டினால் 5 மி.கி. மாத்திரை ஏறத்தாழ 347. மாத்திரை ஒரு ரூபாய் என்று வைத்தால் 350 ரூபாய்க்குள் முடியும். மருந்துச் சீட்டில் டெஃப்லாசாகார்ட் 6 மி.கி. என்று எழுதியிருந்து, மாத்திரை பத்து ரூபாய் என்று வைத்தால், அதே சிகிச்சை 3,500 ரூபாயை நெருங்கும். சித்திரை பிறந்த கையோடு சிகிச்சை தொடங்கினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அதன்மேல் அப்படியே கவியும். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். சிகிச்சையின் 12 வாரத்தில் ஏறக்குறைய 9 வாரம், படகுக் கூலியை நம்பிய வீட்டில் அந்த வருமானம் இருக்காது.

இங்கே ஸ்டீராய்டு மற்ற மருந்துகளிலிருந்து வேறுபடுகிறது. பல வாரம் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால், அதற்குள் ஓய்ந்துபோன அட்ரீனல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே இதன் விலையை மாத்திரைக் கணக்கில் அளப்பதே பிழை. படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் கடைசி நாள் வரையிலான மொத்தச் செலவே விலை. மாத்திரையின் வலுவுக்கு வலு உச்சவரம்பு கட்டும் ஆணைக்கு இந்த அலகு தெரியாது.

டெஃப்லாசாகார்ட் உடல் எடையைக் குறைவாகவே ஏற்றுகிறது, ஆகவே கூடுதல் விலை தகும் என்பர். டூஷேன் தசைச்சிதைவில் அதைப் பிரெட்னிசோனோடு (உடலில் பிரெட்னிசோலோனாக மாறுவது) ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில் டெஃப்லாசாகார்ட்டில் எடை குறைவாகவே ஏறியது உண்மை. ஆனால் பலன் ஏறத்தாழ ஒன்றே. வளர்ச்சி அதிலேதான் கூடுதலாகத் தடைப்பட்டது. அமெரிக்காவில் 2017-இல் ஆண்டுக்கு 89,000 டாலர் என்று விலை குறித்த மருந்து இங்கே சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறதே என்பாரும் உண்டு. மணமேல்குடிக் குடும்பத்துக்கு அமெரிக்க விலை ஓர் அளவுகோலே அல்ல.

வலுவான மறுப்பு ஒன்றுதான்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்கித் தரும் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம், 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. இவற்றின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தனியார் மருத்துவர் எழுதிய சீட்டோடு மலிவான கடைக்குப் போனாலும் மருந்து விதிகளின் 65(11அ) குறுக்கே நிற்கிறது. சீட்டில் உள்ள அட்டவணை எச் மருந்துக்குப் பதிலாக, உட்பொருள் ஒன்றாகவே இருந்தாலும், வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தரக்கூடாது. ஸ்டீராய்டுகள் அந்த அட்டவணையில் உள்ளவை. பெயரை மாற்றக்கூடியவர் எழுதியவர் மட்டுமே. 'இதற்குப் பதில் பிரெட்னிசோலோன் ஆகுமா டாக்டர்?' என்று சீட்டு கைக்கு வருமுன் கேட்பதுதான் இன்றைக்குக் குடும்பத்தின் கையில் உள்ள ஒரே வழி. தானாக மாற்றுவதோ நிறுத்துவதோ வழியல்ல.

அட்டவணைக்கு வெளியே எட்ட ஆணையில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பொதுநலன் கருதி எந்த மருந்துக்கும் விலை நிர்ணயிக்க 19-ஆம் பத்தி அதிகாரம் தருகிறது. 2014 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதைக் கொண்டே, அட்டவணையில் இல்லாத நீரிழிவு, இதய நோய் மருந்துகள் 108-க்கு உச்சவரம்பு விதித்தது. அதற்கு அடிப்படையான வழிகாட்டுதல் அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அட்டவணைக்கு வெளியேயும் பார்க்க வேண்டும் என்பதை ஆணையமே ஒருமுறை ஏற்றிருந்தது என்பதற்கு அந்த 108 பெயர்கள் சான்று. ஸ்டீராய்டுகளில் அந்தப் பார்வையை முதலில் பெற வேண்டியது டெஃப்லாசாகார்ட் 6 மி.கி.