உடற்குதிர் பேசிய வரலாறு

சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில், சேர்வராயன் மலைத்தொடரை அணுகும் இடத்தில் பொம்மிடி என்னும் ஊர் இருக்கிறது. இன்று தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், 1965-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கேழ்வரகும் சாமையும் விளையும் வானம் பார்த்த பூமி அது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் அஞ்சிக் கூறிய 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் இந்தச் சீமையை மிகக் கொடுமையாகத் தாக்கிற்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டு கழித்து எண்ணியபோது அது 16 லட்சமாகக் குறைந்திருந்தது.

அப்பஞ்சத்தின்போது ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-ஆம் ஆண்டு சனவரியில் விதித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். கல்லுடைக்கும் ஒருவனுக்கு இந்தப் படி போதாது. உடல் தன்னைத்தானே தின்று தீர்த்துவிடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவ்வாண்டிலேயே கூலியை ஓரளவு உயர்த்த நேர்ந்தது.

உடற்கொழுப்பைப் பற்றிப் பேச வந்தவன் பஞ்சக் கதையைக் கூறுவானேன் என்று மாணவர்கள் கேட்கலாம். கொழுப்பு என்பது முதலில் ஒரு சேமிப்பு. அறுவடைக் காலத்துத் தானியத்தைக் குதிரில் இட்டு வைத்துக் கோடையில் எடுத்து உண்ணும் குடியானவனைப் போலவே, உடலும் மிஞ்சிய உணவைக் கொழுப்பாக மாற்றித் தோலின் அடியிலும் குடலைச் சுற்றியும் வைத்துக்கொள்கிறது. பஞ்சத்தில் முதலில் கரைவது அதுதான். அது தீர்ந்த பின்னரே தசை பெருமளவில் கரைகிறது. நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் கொழுப்பை இவ்வாறு ஒரு குதிராக மட்டுமே கருதி வந்தனர். குதிர் கொள்ளும், கொடுக்கும், பேசாது. அந்தக் குதிர் பேசும் என்று கண்டறிந்ததும், எடை குறையும்போது அப்பேச்சு எவ்வாறு மாறுகிறது என்று அளந்ததுமே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

இவ்வரலாற்றில் அழற்சி என்னும் சொல் அடிக்கடி வரும். செம்மை, வீக்கம், வெப்பம், நோவு என்னும் நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக உரோமானிய ஆசிரியர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அதன் உட்பொருளை விளக்கியவருள் முதன்மையானவர் ருசிய அறிஞர் மெச்னிகாஃப். இத்தாலியின் மெசினா நகரில் 1882-ஆம் ஆண்டில் அவர் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உடலில் ஒரு ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நுண்ணோக்கியின் வழியே பார்த்தபோது, உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் இவ்வணுக்களை நாம் விழுங்கணுக்கள் என்போம். இக்கண்டுபிடிப்பின் தொடர்பாகவே 1908-ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அழற்சிக்கும் சர்க்கரை நோய்க்கும் உறவுண்டு என்பதற்கு முதற் குறிப்பு, வியப்பாக, நம் பஞ்சம் தொடங்கிய அதே 1876-ஆம் ஆண்டில் செர்மனியில் தோன்றிற்று. கோட்டிங்கன் நகரத்து மருத்துவர் எப்ஸ்டைன், அழற்சியைத் தணிக்கும் சாலிசிலேட் உப்பைப் பெருமளவில் கொடுத்தபோது சில நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைக் கண்டு எழுதினார். காரணம் விளங்கவில்லை, குறிப்பு நூலகத்தில் உறங்கிற்று. மருத்துவ வரலாற்றில் இத்தகைய உறக்கங்கள் பல. பிறகு, 1947-ஆம் ஆண்டில் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம் என்று எடுத்துக்காட்டினார். இடுப்புக்குக் கீழ் பருத்தவரைவிட மேற்பகுதியில் பருத்தவருக்கே நீரிழிவும் நாடி நோயும் மிகுதியாக வந்தன. இதுவும் உடனே செல்வாக்குப் பெறவில்லை.

குதிரின் வாய் திறந்தது 1993-ஆம் ஆண்டில். பாஸ்டன் நகரில் ஹோடாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர் கொழுத்த எலிகளின் கொழுப்புத் திசுவை ஆராய்ந்தனர். டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் அங்கே மிகுதியாக உண்டாவதையும், அது இன்சுலினின் கட்டளையை உயிரணுக்கள் ஏற்காதவாறு தடுப்பதையும் கண்டனர். அதனை முறித்தபோது எலிகளில் இன்சுலின் மீண்டும் நன்கு வேலை செய்தது. (எலிக்குப் பலித்தது மனிதனுக்கு அவ்வாறே பலிக்கவில்லை; அதே புரதத்தை முறிக்கும் மருந்தை நீரிழிவு நோயாளருக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்ததில் பயன் தெரியவில்லை.) அடுத்த ஆண்டில் நியூயார்க்கில் ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்பணுவே சுரந்து மூளைக்கு அனுப்பும் லெப்டின் என்னும் தூதுப்பொருளின் மரபணுவைக் கண்டுபிடித்தனர். வெறும் பண்டசாலை என எண்ணிய திசு ஒரு சுரப்பியாகவும் விளங்கிற்று.

ஆனால் அந்த அழற்சிப் பொருளைச் செய்வது யார்? 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு குழுக்கள் ஒரே காலத்தில் விடை கூறின. மெச்னிகாஃப் முள்ளைச் சூழக் கண்ட அதே இன விழுங்கணுக்கள் கொழுப்புக்குள் குடியேறியிருந்தன. மெலிந்த எலியின் கொழுப்புத் திசுவில் அவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகக் கொழுத்த எலியிலோ ஏறக்குறையப் பாதி. கொள்ளளவை மீறிப் பருத்த கொழுப்பணுக்கள் சில மாண்டுபோகின்றன. மாண்ட அணுவைச் சுற்றி விழுங்கணுக்கள் கிரீடம்போல் வளைந்து நிற்கின்றன. செல்சஸ் சொன்ன நோவும் செம்மையும் இங்கில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கனலும் உமித்தீ இது.

இனி எடைக் குறைவுக்கு வருவோம். மரபணுவில் எழுதியுள்ள எழுத்துகள் நாம் மெலிவதால் மாறுவதில்லை. எந்த ஏட்டைப் புரட்டி எத்தனை முறை படியெடுப்பது என்பதே மாறுகிறது. அப்படிகளை ஆர்.என்.ஏ. என்பர். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் படிகளை ஒருசேர அளக்கும் கருவி இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கைக்கு வந்தது. பிரான்சு நாட்டில் கரீன் கிளெமான், டொமினிக் லாங்கேன் முதலியோர் பருத்த உடலினர் 29 பேருக்கு 28 நாள் மிகக் குறைந்த உணவளித்து, முன்னும் பின்னும் அவர்களுடைய தோலடிக் கொழுப்பில் ஒரு துளி எடுத்து ஆராய்ந்து, 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அழற்சியோடு தொடர்புள்ள ஏறத்தாழ நூறு மரபணுக்களின் படியெடுப்பு மாறியிருந்தது. அழற்சியை மூட்டுபவை தணிந்தன, அதனை அடக்குபவை ஓங்கின. மெலிந்தவரின் திசுவை நோக்கி அத்திசு நகர்ந்திருந்தது. இம்மரபணுக்களில் பெரும்பாலானவை கொழுப்பணுவில் அல்லாமல் அதனைச் சூழ்ந்த பிற அணுக்களிலேயே இயங்கின என்பதும் தெளிவாயிற்று. மறு ஆண்டில், இரைப்பை அறுவையால் மெலிந்தவர்களின் கொழுப்பில் விழுங்கணுக்களின் தொகை மூன்றே மாதத்தில் குறைந்ததாகப் பாரிஸ் நகரத்து ஆய்வு காட்டிற்று.

இது நேர்கோட்டில் நடப்பதன்று. எலிகளுக்கு உணவைக் குறைத்த முதற் சில நாள்களில் விழுங்கணுக்கள் கூடிப் பின்னரே குறைந்தன என்று 2010-இல் கண்டனர். குதிரைத் திறந்தால் முதலில் தூசி கிளம்புவது இயல்புதானே! கரைந்து வெளிப்படும் கொழுப்பை அள்ளவே அவை அப்போது வருகின்றன.

வேறொரு சங்கடமும் உண்டு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரி பெருகிற்று. அக்காலத்தில் பிறந்த உயிரணுக்களில் அதன் சுவடு பதிந்தது. அழிவுக்கெனச் செய்த அந்தக் குண்டையே காலக் கணக்காகக் கொண்டு, சுவீடன் நாட்டு அறிஞர் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் கொழுப்பணுவின் வயதை அளந்தனர். ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு அணுக்கள் மறைந்து புதியன பிறக்கின்றன. ஆனால் பெருமளவு மெலிந்தவரிடத்தும் அணுக்களின் தொகை குறைவதில்லை, ஒவ்வொன்றும் சுருங்கியே நிற்கிறது என்று 2008-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2024-ஆம் ஆண்டில் சூரிக் நகரத்து ஆய்வாளர்கள், மெலிந்த பின்பும் கொழுப்பணுக்களின் மரபுப்பொருள்மீது பழைய பருமனின் அடையாளங்கள் எஞ்சி நிற்பதை எலிகளிற் கண்டனர். மெலிந்த மனிதரின் திசுவிலும் மரபணு இயக்கத்தில் சில பழைய மாற்றங்கள் மறையாதிருந்தன. அவ்வெலிகள் மீண்டும் கொழுப்புணவு பெற்றபோது விரைவாகப் பருத்தன. மெலிந்தவர் மீண்டும் பருப்பதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவோர் இதனை ஒருமுறை படித்தல் நன்று.

இவையெல்லாம் பெரும்பாலும் மேனாட்டாரின் பருத்த உடலைக் கொண்டு நடந்த ஆய்வுகள். பொம்மிடிச் சந்தையில் நாம் காணும் ஒல்லியான உழவருக்கு இவற்றால் என்ன என்று கேட்கத் தோன்றும். புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் இதற்கு ஒரு வேடிக்கையான விடை தந்தார். 2004-ஆம் ஆண்டில் அவரும் ஆங்கில நண்பர் யுட்கினும் அருகருகே நின்று படமெடுத்துக்கொண்டனர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; நம்மவரின் உடலில் 21.2! அதற்கு முந்திய ஆண்டில் அவர் குழுவினர், புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளைவிட மிகவும் எடை குறைந்திருந்தும், தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாதிருந்ததைக் காட்டியிருந்தனர். பஞ்சத்தில் உதவிய சிக்கன மரபணுக்களே செழிப்பில் நோயாகின்றன என்று அமெரிக்க அறிஞர் நீல் 1962-இல் கூறியது இங்கே நினைவுக்கு வரும். கவர்ச்சியான ஊகம், ஆயினும் ஊகமே. நம் பஞ்சத்தையும் நம் கொழுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிவிட அது போதாது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர், உடற்கொழுப்பு மிகுந்தவரிடம் சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் புரதமும் இரத்தத்தில் மிகுந்திருப்பதை 2005-ஆம் ஆண்டில் எழுதினர். அதே நகரில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தனர். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் அரைமணி நேரமாவது விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கவும் அறிவுரை வழங்கினர். அறிவுரை பெறாதவரில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். அதனைப் பின்பற்றியவரில் 39 பேரே நோயுற்றனர். 2006-ஆம் ஆண்டில் வெளியான அக்கட்டுரையில் கணக்கைப் பார்த்தோருக்கு வியப்பளித்த செய்தி வேறொன்று: நோயினின்று தப்பிய அந்தக் கூட்டத்தாரிடம், தராசு காட்டக்கூடிய எடைக் குறைவு எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் ஏற்பட்டிருக்கவில்லை.