வில் பிடித்த கை கோல் பிடித்தது

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலே பொல்லடி நடைபெறும்போது, அண்ணாவியாரின் பாட்டுக்கும் தாளத்துக்கும் அமைய அத்தனை பொல்லுகளும் ஒருங்கே ஒலிக்கக் காண்கின்றோம். மேனாட்டு வாத்திய கோஷ்டியிலோ, நடுவே நிற்கும் நடத்துனர் ஒலி எழுப்புவதில்லை. கைக்கோலின் அசைவினாலேயே பல வாத்தியங்களை ஒன்றாக இயக்குகின்றார். வாத்தியக்காரரின் உள்ளத்தை அறியாதவருக்கு இது எளிதில் வாய்ப்பதன்று. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் மெஹ்லி மேத்தா.

1908ஆம் ஆண்டு பம்பாயில், பார்ஸி குடும்பமொன்றிற் பிறந்த இவர் வயலின் வித்துவான். இந்நாடுகளில் மேனாட்டுச் சங்கீதம் வாசிக்க நிலையான கோஷ்டிகள் அரிதாயிருந்த காலத்தில், 1935இல் பம்பாய் சிம்பனி வாத்திய கோஷ்டியை நிறுவினார். முதற் பத்தாண்டுகள் அதில் முதன்மை வயலினை வாசித்தார். பின்னர் பத்தாண்டுகள் அதன் நடத்துனராக விளங்கினார். இடையே 1945இல் நியூயோர்க் சென்று, ஐவன் கலமியன் என்னும் பேராசானிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார்.

1955இல், வயது ஏறத்தாழ நாற்பத்தேழாகிய நிலையில், தாம் வளர்த்த கோஷ்டியையும் தலைமையையும் துறந்து இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டர் நகரின் ஹாலே கோஷ்டியிலே, பிறர் கைக்கோலுக்குக் கட்டுப்பட்டு வயலின் வாசித்தார். அங்கு நடத்துனராயிருந்த ஜோன் பார்பிரோலியும் முன்னர் கோஷ்டிகளில் செலோ வாசித்தவரே. தலைவராயிருந்தவர் மீண்டும் தொண்டராவது சிலருக்குத் தாழ்வாகத் தோன்றலாம். மேத்தாவுக்கோ அதுவே கல்வியாயிற்று.

1959இல் அமெரிக்கா சென்று, பிலடெல்பியாவிலே கேர்ட்டிஸ் நால்வர் குழுவில் ஐந்தாண்டுகள் வாசித்தார். பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் வாத்திய கோஷ்டிப் பயிற்சிக்குப் பொறுப்பேற்று, அந்நகரிலேயே அமெரிக்க இளைஞர் சிம்பனி கோஷ்டியையும் நிறுவினார். தொண்ணூறை எட்டும் வயதுவரை, 1998வரை, அதனை நடத்தினார். அங்கு பயின்ற இளைஞர் பலர் பெருங் கோஷ்டிகளில் இடம்பெற்றனர். 2002இல் அவர் காலமானார்.

அவருடைய மைந்தர் சுபின் மேத்தா உலகப் புகழ்பெற்ற நடத்துனர். ஆதலால் தந்தையை மைந்தரின் பெயரால் அறிவோரே பலர். ஆயினும் தந்தையின் வரலாறு தனியே ஒரு பாடம் புகட்டுகின்றது. பிறரை நடத்த விரும்புவோன், பிறர் நடத்தத் தான் நடந்து பழகியிருத்தல் வேண்டும். அப்போதுதான் கையில் ஏந்திய கோல் அதிகாரத்தின் சின்னமாகாமல், இசையின் ஊன்றுகோலாகும்.