படகு இயந்திரமும் பொறியின் பாதையும்

அமெரிக்க தேசத்தின் மில்வாக்கி நகரில், நார்வேயில் பிறந்து சிறு பிராயத்திலேயே அந்நாட்டில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய ஒன்றரைக் குதிரைசக்தி இயந்திரத்தை 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தபோது, துடுப்பு வலித்துக் களைத்த கைகளுக்கு ஒரு விமோசனம் பிறந்தது. அவருக்கு முன்னரே, 1905இல், காமரான் வாட்டர்மன் என்பவர் டெட்ராய்ட் நதியில் இத்தகைய இயந்திரமொன்றைச் சோதித்திருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் அவ்வியந்திரத்தின் பிராணன் பெட்ரோலில் மட்டும் இல்லை. உரிய கணத்தில் சிலிண்டருக்குள் தெறிக்கும் மின்பொறியிலும் இருந்தது. ஆதியில் அப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் உலர் மின்கலங்களிலிருந்து கம்பி வழியாக வந்தமையால், ஈரம் புகுந்து பச்சை பூத்த ஒரு முனையோ, அதிர்வில் தளர்ந்த ஒரு திருகோ நடுநீரில் படகை நிறுத்திவிடப் போதுமானதாயிற்று. பின்னர், சுழலும் சக்கரத்தில் காந்தத்தைப் பதித்து இயந்திரமே தன் மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும் மாக்னெட்டோ பரவியதும் மின்கலத்தின் சுமை நீங்கிற்று. இணைப்புகளின் தொல்லையோ நீங்கவில்லை. ஆதலால், முனையைச் சுரண்டிச் செம்பின் பிரகாசம் தெரியச் செய்து, இறுகப் பொருத்தி, நீர் புகாது மூடும் அந்த எளிய தொழில், நூறாண்டு கடந்தும் படகோட்டி அறிந்திருக்க வேண்டிய தலையாய வித்தையாக நிலைத்திருக்கிறது.