கடன் கொடுப்பவரே தரகரானால்: வீட்டுக் கடன் இடைத்தரகு மீதான சட்ட வரம்புகளின் வளர்ச்சி

சேலம் மாநகரின் நெசவுப் பகுதியான அம்மாபேட்டையில் வீடு கட்டக் கடன் தேடுபவர் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் ஒரு லோன் ஏஜென்டை நாடுவது உண்டு. அவர் வாங்குபவரின் ஆளா, கொடுப்பவரின் ஆளா? கடன் நிறுவனமே தரகு வேலையும் பார்த்தால் அது யாருக்குக் கடமைப்பட்டது? முதலில் வட்டியையும் பிறகு நிறுவனத்தையும் ஒழுங்குபடுத்திய இந்தியச் சட்டம், இடையில் நிற்பவரின் நடுநிலை பற்றி அண்மையில்தான் விதி வகுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. முகவரின் கடமை

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216ஆம் பிரிவுகள், முதல்வருக்கு, அதாவது முகவரை நியமித்தவருக்கு, தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்வதற்குத் தடுப்பாக உள்ளன. முக்கிய விவரத்தை முகவர் வஞ்சகமாக மறைத்திருந்தாலோ, அந்த நடவடிக்கை முதல்வருக்குப் பாதகமாக இருந்தாலோ, முதல்வர் அதை ஏற்க மறுக்கலாம். முகவர் அடைந்த ஆதாயத்தையும் கோரலாம். ஆனால் லோன் ஏஜென்டை நியமித்து கமிஷன் தருவது வங்கி. சட்டத்தின் பார்வையில் வங்கியே முதல்வர் என்பதால் இந்தப் பாதுகாப்பு கடன் வாங்குபவருக்கு எளிதில் எட்டுவதில்லை.

2. வட்டியை நோக்கிய சட்டங்கள்

1918ஆம் ஆண்டுக் கடுவட்டிக் கடன் சட்டம், கணக்கை மறுபடி திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானபின் 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. விவசாய நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்கே அதன் பயன் கிடைத்தது. தறியை மட்டுமே நம்பிய நெசவாளர் அதன் வரம்புக்குள் வரவில்லை. 1957ஆம் ஆண்டு லேவாதேவிச் சட்டம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில லேவாதேவிச் சட்டங்கள் பொருந்தா என 2022 மே மாதம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இத்தகைய நிறுவனங்களுக்குக் கடிவாளம் ரிசர்வ் வங்கியின் கையில்தான்.

3. ஏஜென்ட், நிறுவனத்தின் கை

1987ஆம் ஆண்டுச் சட்டப்படி 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி தொடங்கியது. வீட்டுக் கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கிக்கு மாறியது. இதனிடையே, வெளியாரிடம் ஒப்படைக்கும் பணிகளுக்கும் வங்கியே பொறுப்பு என ரிசர்வ் வங்கியின் 2006 நவம்பர் வழிகாட்டுதல்கள் வரையறுத்தன. ஏஜென்டின் நடத்தை கண்காணிப்புக்குள் வந்தது; அவர் காட்டும் கடன் வாங்குபவருக்கு உகந்ததா என்ற கேள்வி எழவில்லை.

அமெரிக்கச் சட்டம் அந்த இடத்தையே குறிவைத்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடனில் ஆள் பிடித்துத் தருவதற்கான கையூட்டைத் தடுத்தது. 2008 நெருக்கடிக்குப் பின் வந்த விதிகள், வட்டி கூடினால் தரகருக்குக் கமிஷனும் கூடும் முறையையும், இருபக்கமும் கூலி வாங்குவதையும் தடை செய்தன.

4. 2025இன் திருப்பம்

2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள், சேவை வழங்குநரின் (கடன் நிறுவனத்தின் முகவராகச் செயல்படுபவரின்) கட்டணத்தைக் கடன் நிறுவனமே தர வேண்டும், வாங்குபவரிடம் வசூலிக்கக் கூடாது என்றன. 2025 மே 8இல் வந்த நெறிமுறைகள் ஒரு படி மேலே சென்றன. இன்னொரு கடன் நிறுவனமும் சேவை வழங்குநராக இருக்கலாம் என வெளிப்படையாக ஏற்று, அந்த இரட்டை வேடத்துக்கு வரம்பும் இட்டன. பல நிறுவனங்களோடு தொடர்புள்ள வழங்குநர், வாங்குபவருக்குப் பொருந்தும் எல்லாக் கடன்களையும் நிறுவனப் பெயர், தொகை, தவணைக் காலம், ஆண்டுச் செலவு விகிதம், மாதத் தவணை ஆகியவற்றோடு காட்ட வேண்டும்; ஒன்றைத் தூக்கிப் பிடிக்கவோ வடிவமைப்புத் தந்திரங்களால் திசைதிருப்பவோ கூடாது. 2025 நவம்பர் 1 முதல் நடைமுறை என இதற்குத் தேதியும் குறிக்கப்பட்டது.

முடிவுரை

இந்த நடுநிலைக் கடமை டிஜிட்டல் கடனோடு கட்டுண்டது. நேரில் வந்து காகிதக் கட்டோடு வேலை முடிக்கும் ஏஜென்டுக்கு அது பொருந்தாது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கெல்லாம் கட்டாயமான முக்கிய விவர அறிக்கை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும்; நிறுவனத்தின் வழியாக வசூலாகும் சட்டக் கருத்துரைக் கட்டணம் போன்றவையும் அதன் செலவு விகிதத்தில் சேரும். ஏஜென்ட் தனியே கையில் வாங்கும் பணம் அதில் வராது. ஏஜென்டுக்கு நிறுவனம் தரும் கமிஷனையும் அவர் தொடர்பு வைத்துள்ள நிறுவனங்களின் பெயர்களையும் அதே அறிக்கையில் சேர்த்தால், திரையில் கடன் தேடுபவருக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒரு பகுதியாவது நேரில் தேடுபவருக்கும் கிடைக்கும்.