இரண்டு இசைத்தட்டுகளில் பிறந்த பாட்டு

தோட்டத்துத் திருவிழாவிற்கு ஒலிபெருக்கிக்காரர் வந்துவிட்டால் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொள்வார்கள். பாடியவர் எங்கோ இருக்கிறார்; இசைத்தட்டைச் சுழற்றுகிறவர்தான் அன்றைக்குக் கலைஞர். ஜமேக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரிலும் 1950-ஆம் ஆண்டுகளில் இப்படித்தான். வாத்தியக் குழுவை அமர்த்த வசதியில்லாத மக்கள், தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டு ஆடினார்கள்.

அந்நகரில் 1955-இல் பிறந்த கிளைவ் கேம்பல் என்பவர், 1967-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் குடியேறினார். அது நொந்துபோன வட்டாரம். குடியிருப்புகளைப் பிளந்து நெடுஞ்சாலை போட்டதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்திருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள், கேம்பலின் தங்கை பள்ளிக்கூட உடுப்பு வாங்கப் பணம் சேர்க்க, தங்கள் அடுக்குமாடியின் பொது அறையில் ஒரு நடன விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அண்ணன். ஆடுகிறவர்கள் பாட்டுக்காக அல்ல, பாட்டு நின்று முரசு மட்டும் முழங்கும் சில விநாடிகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டில் இரண்டை வாங்கி, இரண்டு சுழற்றிகளில் வைத்தார். ஒன்றில் முரசு முடியும்போது மற்றொன்றில் அதே இடம் தொடங்கும். அதற்குள் முதலாவதைப் பின்னுக்குத் திருப்பிவிடுவார். சில விநாடி முழக்கம் சில நிமிடமாக நீண்டது. நண்பர் ஒருவர் ஒலிவாங்கியில் வந்தவர்களைப் பெயர் சொல்லி, எதுகை வைத்து அழைத்தார். ராப் என்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று இது.

சில தெருக்காரர்களுக்கு மட்டும் புரிந்த இந்தச் சிறுவட்டப் பண்பாடு, ஒலிநாடாக்களில் கைமாறியே ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. 1979-இல்தான் இசைத்தட்டு வணிகம் இதைப் பெரிதாகக் கண்டுகொண்டது. எனக்கென்னவோ, அதற்கு முந்திய அந்த ஆண்டுகளே முக்கியம் என்று படுகிறது. விலைபேச யாரும் வராததால் பிள்ளைகள் தங்கள் விருப்பம்போல் ஆடிப் பார்த்தார்கள்.

இசைத்தட்டும் திரைப்படமும் அதை உலகெங்கும் கொண்டுபோயின. 1990-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூரில் 'போயெட்டிக் அம்மோ' குழு ராப் பாடியது. அக்குழுவின் யோகி பி, 2006-இல் 'நட்சத்திரா'வுடன் 'வல்லவன்' என்னும் தமிழ் ராப் தொகுப்பை வெளியிட்டார். இது பாட்டா பேச்சா என்று கேட்ட பெரியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால், அதில் 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டொன்று புது உருவில் இருந்தது. மறு ஆண்டே சென்னையில் எடுத்த 'பொல்லாதவன்' படப் பாட்டில் யோகி பி-யின் குரலும் ஒலித்தது.