சித்தன்னவாசல் அன்னங்களும் என் இரு பிழைகளும்



கோலாலம்பூர் ஏரிப் பூங்கா 1888இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்பவரின் முயற்சியால் தொடங்கப்பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான இடம். அங்குள்ள நீர்ப்பறவைகளை வரையச் சொன்னால், வாத்தை வரைந்து அதன் கீழே 'அன்னம்' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அப்பொழுது சித்தன்னவாசல் ஓவியத்தின் படத்தைக் காட்டுவது என் வழக்கம்.

புதுக்கோட்டைக்கு அருகே குன்றில் குடையப்பட்ட சமணக் கோயில் அது. அர்த்த மண்டபத்தில் நின்று தலையை உயர்த்தினால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தெரியும். இலைகளுக்கும் மலர்களுக்கும் இடையே அன்னங்கள், மீன்கள், எருமைகள், யானைகள். மலர் கொய்யும் மூவர்.

இதனை முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து ஓவியம் என்றே பல்லாண்டு கற்பித்து வந்தேன். பழைய நூல்கள் அவ்வாறே கூறின. 1920இல் இவற்றை அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்திய ழுவோ துப்ராயும் பல்லவர் கலையென்றே கருதினார். ஆனால் குகையின் அருகிலேயே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உள்ளது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் (அவரும் ஆசிரியரே!) அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே முக மண்டபமும் எடுப்பித்த செய்தியை அது சொல்கிறது. காலம், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆண்ட 9ஆம் நூற்றாண்டு. இன்று காணும் ஓவியமும் அக்காலத்தது என்பதே இப்பொழுது பெரிதும் ஏற்கப்படும் முடிவு.

"இதுவும் பூங்காக் குளமா ஐயா?" என்று பிள்ளைகள் கேட்பர். முன்பெல்லாம் ஆம் என்று கூறிக் கடந்துவிடுவேன். தொல்லியல் அறிஞர் டி. என். இராமச்சந்திரன் வேறு விளக்கம் தந்தார். தீர்த்தங்கரர் அறம் உரைப்பதற்காகத் தேவர்கள் அமைக்கும் சமவசரணம் என்னும் பேரவையைச் சூழ்ந்த பகுதிகளுள் ஒன்று நீர்நிலை. அடியார்கள் அங்கே மலர் கொய்து மகிழ்வர். அவ்வறவுரையைக் கேட்க விலங்கும் பறவையும் பகை மறந்து கூடும் என்பது சமணர் நம்பிக்கை. எனக்கு இவ்விளக்கமே பொருந்துவதாகத் தோன்றுகிறது. வெறும் பூங்காக் குளமாயின், அதனைத் தீர்த்தங்கரர் திருவுருவம் உள்ள மண்டபத்தின் கூரையில் தீட்டுவானேன்?

இனி அந்த 'அன்னம்'. நாம் உடனே நினைப்பது நீண்ட கழுத்துடைய ஐரோப்பிய வெள்ளைப் பறவையை. குளிர்காலத்தில் தமிழகத்திற்கு வலசை வரும் பட்டைத்தலை வாத்தே நம் முன்னோர் கண்ட அன்னம் என்று கருதுவோர் உளர். அப்படியாயின், வாத்தின் கீழே 'அன்னம்' என்று எழுதிய பிள்ளையின் ஓவியத்தாளில் நான் இட்ட சிவப்புக் கோடு என் இரண்டாம் பிழை.